நெல் ஊறிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கும்போது

"அரிசி கழுவின தண்ணிதானே, மாட்டுக்கே வைக்கிறோம். வாய்க்கால்ல விட்டா என்ன கெட்டுப்போகுது?" தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. நெல்லை அவிக்கும் முன் ஊறவைத்து வடிக்கும் ஊறல் தண்ணீரில் சாயம் கிடையாது, தோல் ஆலை உப்பு கிடையாது என்பதெல்லாம் உண்மைதான். (நாற்றம் வராமலிருக்க ஊறல் தண்ணீரில் சோடியம் குரோமேட் கலக்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. அதை இன்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். குரோமியம் மண்ணை விட்டுப் போகாது.) ஆனால் வீட்டுக் கழுநீர் ஒரு வாளி, மாடு குடித்துவிடும். ஆலையின் ஊறல் தண்ணீர் அன்றாடம் இரண்டு டேங்கர் லாரி கொள்ளும். அதைக் குடிக்க அந்த வாய்க்காலில் இருப்பவை நுண்ணுயிர்கள்தான். அவை குடிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். சிக்கல் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 13 சதவீத ஈரத்தில் வரும் நெல்லை ஊறவைத்து 30 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1,000 கிலோ நெல் இதற்கு ஏறத்தாழ 240 லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். தொட்டியில் 1,200 லிட்டர் விட்டிருந்தால் மீதி 960 லிட்டரும் மஞ்சள் பழுப்பாக வெளியே வரும். நாளுக்கு 20 டன் அவிக்கும் நடுத்தர ஆலை என்றால், தொட்டி கழுவுவதையும் சேர்த்து 20,000 லிட்டர். அதில் கரைந்திருப்பவை சர்க்கரை, மாவுச்சத்து, கொஞ்சம் புரதம், உமியிலிருந்து இறங்கிய பீனால் வகைகள், பொட்டாசியம், பாஸ்பரஸ். நுண்ணுயிர்கள் இவற்றைச் செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்பதைத்தான் பிஓடி என்கிறோம். ஊறல் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். இங்கே 1,200 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 கிலோ ஆக்சிஜன் தேவை. ஒரு மனிதரின் ஒருநாள் கழிவுக்கு 45 கிராம் என்று எடுத்தால், இது ஐந்நூறு பேருக்கு மேல் வாழும் ஊரின் சாக்கடைக்குச் சமம்.

வாங்குகிற பக்கத்தையும் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். ஒரு ஏக்கர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 60 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்றால், அதில் இருக்கும் மொத்த ஆக்சிஜனே 45 கிலோ. விடிகாலையில் அதில் பாதிகூட இருக்காது. அந்தக் குளத்துக்கு ஒரே ஆலை நாள்தோறும் 24 கிலோ கடன் ஏற்றுகிறது.

ஓடும் தண்ணீர் இந்தக் கடனைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே போகும். வெண்ணாறும் வெட்டாறும் கரைபுரண்டு போகும் ஆடி, ஆவணியில் ஒரு ஆலையின் தண்ணீர் கலந்த இடம்கூடத் தெரியாது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் அணை. மூடிய பிறகு மாசியிலிருந்து வைகாசி வரை வாய்க்காலில் ஓட்டம் கிடையாது. ஆலைக்கு மூடுவிழா கிடையாது. சம்பா நெல் வந்து குவிந்து அவியல் உச்சத்தில் இருப்பதும் அந்த மாதங்களில்தான். வடிகாலில் இறங்குவது நகராமல் தேங்கி, அடியில் கருப்புச் சேறாகப் படிந்துகொண்டே இருக்கும். ஜூனில் மதகு திறந்ததும் முதல் தண்ணீர் அந்தச் சேற்றைக் கிளறித் தூக்கிக்கொண்டு போகிறது. "புதுத்தண்ணி வந்து மீன் செத்துப்போச்சு" என்று சொல்வார்கள். புதுத்தண்ணீர் மேல் குற்றமில்லை, அது சுமந்து வந்த நான்கு மாதப் பழைய கணக்குதான் கொன்றது. இன்றைக்கு ஆலையிலிருந்து வரும் தண்ணீரை மட்டும் அளந்தால் இந்தச் சாவுக்குக் காரணம் ஒருபோதும் பிடிபடாது.

இரவில் திறந்துவிடுவது இன்னொரு வழக்கம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். தண்ணீரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சு வாங்கும். விடியலுக்கு முன் 4 முதல் 6 மணிக்குள் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் திறந்த ஊறல் தண்ணீர் சரியாக அந்த நேரத்தில் வேலை செய்கிறது. இதே காரணத்தால், மதியம் 12 மணிக்கு வந்து அளப்பவரை நம்ப முடியாது. பச்சைப் பாசி படிந்த குளம் அப்போது 10 மில்லிகிராமுக்கு மேல்கூடக் காட்டும். அதே குளத்தில் விடியலில் 1 இருக்கும்.

கருவி இல்லாமலே வாய்க்கால் நிறையச் சொல்லும். குழாய் வந்து விழும் இடத்தில் கல்லிலும் குச்சியிலும் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சுநார் போல ஒன்று தொங்கினால், பாசி என்று நினைத்துவிட வேண்டாம். அது சர்க்கரைத் தண்ணீரில் கொழிக்கும் இழைப் பாக்டீரியா. அங்கே பிஓடி தொடர்ந்து வருகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே சேற்றில் சிவப்புப் புழுக்கள் நெளியும். ரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருள் உடம்பில் இருப்பதால் அவற்றால் மட்டும் அங்கே வாழ முடிகிறது. இன்னும் கீழே, சர்க்கரை தீர்ந்து பாஸ்பரஸ் மிச்சமிருக்கும் இடத்தில் வெங்காயத்தாமரை அடர்ந்துகொள்ளும். மீன்களும் வரிசையாகத்தான் போகும். கட்லா, ரோகு, மிருகாலுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே தீனி எடுக்காது, 1-ஐ நெருங்கினால் விடிகாலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேரே குடிப்பவை, தப்பித்துவிடும். "விரால் நல்லாத்தானே கிடைக்குது" என்று ஒருவர் சொன்னால், சாதாரணக் கெண்டைக் குஞ்சு கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

மண்ணுக்கு வருவோம். "தண்ணியில பொட்டாஷ் இருக்கு, வயலுக்கு உரம்" என்பதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் டெல்டாவின் பெரும்பகுதி களிமண். அதன் துளைகள் நுண்ணியவை, தண்ணீர் இறங்குவதே மெதுவாக. சுத்திகரிக்காத ஊறல் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், மிதக்கும் துகளும் பாக்டீரியா விடும் வழவழப்பும் சேர்ந்து மேல் இரண்டு விரற்கடையை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் மேலேயே நிற்கும், புளிக்கும். நடவு வயலில் ஏற்கனவே காற்றில்லை. அங்கே சர்க்கரையும் வந்தால் பாக்டீரியா இரும்பையும் மாங்கனீசையும் கரைத்து, கடைசியில் சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நல்ல நெல்வேரில் துரு நிறப் பூச்சு இருக்கும், வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜன் விடுவதன் அடையாளம் அது. கெட்ட வேர் கருத்திருக்கும், உருவினால் தோல் கழன்று வரும். நாற்றங்காலில் இன்னும் சீக்கிரம் தெரியும், ஏனென்றால் புளிப்பில் உண்டாகும் அசெட்டிக், பியூட்டிரிக் அமிலங்களை இளவேர் தாங்காது. இலை மஞ்சளானதும் யூரியாவைக் கொட்டுவது வழக்கமான தவறு. அந்த மஞ்சளுக்குக் காரணம் வேர் உறிஞ்ச முடியாததுதான். இருக்கும் தழைச்சத்தையும் பாக்டீரியா தன் உடம்பில் கட்டிவைத்திருக்கும். தண்ணீரை வடித்து மண் மயிரிழையாக வெடிக்கும் வரை காயவிட்டால்தான் வேர் திரும்பும். உரம் அதற்குப் பிறகு.

ஆற்றோரப் படுகை மண்ணிலும், மதுக்கூர், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணிலும் கதை வேறு. அங்கே தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். "பாருங்க, தேங்கவே இல்லை" என்று பெருமைப்படலாம். அது நேரே இறங்குவது பக்கத்து வீட்டு அடிபம்புக்குத்தான். பம்பில் வரும் தண்ணீர் வாளியில் தெளிவாக இருந்து அரை மணியில் துரு நிறமாக மாறத் தொடங்கினால், கீழே ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு கரைய ஆரம்பித்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். முன்பு அப்படி இல்லாத பம்பாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுவானது.

உப்பு தனிச் சங்கதி, பலர் இதைக் கவனிப்பதில்லை. பாய்லருக்குப் போகும் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரில் 100 லிட்டர் ரெசினை (தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் மணிகள்) புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 கிலோ உப்பு போகிறது. அதைக் கழுவிய தண்ணீரும், பாய்லரிலிருந்து அடிக்கடி ஊதி வெளியேற்றும் தண்ணீரும் ஊறல் தண்ணீரோடு ஒரே கால்வாயில் சேர்கின்றன. 12 கிலோ உப்பு 20,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கூடும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் கரைந்த உப்புக்கான 2,100 வரம்பை எட்ட அதிக நாள் ஆகாது. சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் கூழாகும், காய்ந்தால் ஓடாகும். எந்தச் சுத்திகரிப்புத் தொட்டியும் உப்பை எடுக்காது. எனவே சாஃப்ட்னர், பாய்லர் கழிவுக்குத் தனிக் குழாய் போட்டு, தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் வெயிலில் காயவிடுவதுதான் நடைமுறை வழி. கோடையில் இது சுலபம். மழையில் மேலே கூரை வேண்டும்.

வயலில் சோடியம் ஏறியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண்ணில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளரில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கலக்கக் கூடாது, போர் தண்ணீரும் கூடாது. சில மணி நேரத்தில் கட்டி உதிர்ந்து விழுந்தாலும் மேல் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல ஒரு வளையம் பரவினால் சோடியம் இருக்கிறது. ஜிப்சம் போடுவது அப்போதுதான் பலன் தரும். ஊறல் தண்ணீரால் வேர் கருத்த வயலுக்கு ஜிப்சம் மூட்டை வாங்குவது காசைக் கரைப்பது.

ஆலைக்குள் செய்ய வேண்டியதில் முதலாவது, அழுக்கை உண்டாக்காமல் இருப்பது. தண்ணீரில் மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறையில் நெல் புளித்து, தண்ணீர் கெட்டு, சோறும் நாறும். 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் நான்கு மணி நேரம் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை அதற்கு மேல் ஏற்றினால் உமி பிளந்து மாவு வெளியே கரையும், பிஓடி எகிறும், அரிசியும் போகும். ஊறப்போடும் முன் கருக்காய், தூசு, மண் போகச் சலித்துவிட்டால் மிதக்கும் துகள் பெரிதும் குறையும். தண்ணீரைத் தொட்டியின் விளிம்பு வரை விடாமல் நெல் மூழ்கி நான்கு விரல் மேலே நிற்கும்படி விட்டால் போதும். ஊறல் தண்ணீரை அடுத்த சரக்குக்கு ஒரு தடவை திரும்பப் பயன்படுத்துகிற ஆலைகள் உண்டு. அதற்கு மேல் போனால் நிறமும் புளிப்பும் அரிசியில் ஏறும்.

வெளியே வந்ததும் 10 மில்லிமீட்டர் கம்பி வலை, அடுத்து 2 மில்லிமீட்டர் சல்லடை. இரண்டையும் நாளுக்கு இரண்டு தடவை வாரிவிட வேண்டும். யாராவது ஒருவருக்கு அந்த வேலை என்று பெயர் சொல்லி ஒதுக்காவிட்டால் மூன்றாம் நாள் சல்லடையைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் முழுவதும் கொள்ளும் சமன் தொட்டி. ஊறல் தண்ணீர் 50, 60 டிகிரியில் வரும். 38-க்குக் கீழே ஆறாமல் அடுத்த தொட்டிக்கு விட்டால் அங்குள்ள பாக்டீரியா வெந்துபோகும். அதே நேரம் ரொம்ப நாள் வைத்திருக்கவும் கூடாது. வரும்போது 6, 7 என்றிருக்கும் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்) இரண்டு நாளில் 4.5-க்கு இறங்கும். எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. 10 லிட்டர் வாளியில் தண்ணீர் எடுத்து, நீற்றிய சுண்ணாம்பை ஒவ்வொரு கிராமாகக் கலக்கி, பிஎச் தாளில் 7 வரும்வரை எண்ணுங்கள். அந்தக் கணக்கை 2,000-ஆல் பெருக்கினால் 20,000 லிட்டருக்கு ஆகும்.

அடுத்தது காற்றில்லாத் தொட்டி. நாள் தண்ணீரைப்போல் மூன்று மடங்கு, அதாவது 60,000 லிட்டர் கொள்ளளவு, உள்ளே மேலும் கீழுமாகத் தண்ணீர் ஏறி இறங்கும்படி தடுப்புச் சுவர்கள். தொடங்கும்போது கால்பங்கு வடிகட்டிய சாணிக் கரைசல் நிரப்பி, முதல் வாரம் கழிவின் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட வேண்டும். வாரத்துக்கு வாரம் பத்து பதினைந்து சதவீதம் கூட்டலாம். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே முழுத் தண்ணீரையும் விட்டுத்தான் பெரும்பாலான தொட்டிகள் சாகின்றன. காரணம் எளிது: சர்க்கரையை அமிலமாக்கும் பாக்டீரியா வேகமாகப் பெருகும், அமிலத்தை மீத்தேனாக்குபவை மெதுவாகப் பெருகும். முந்தியவை முந்திவிட்டால் தொட்டி புளித்து பிஎச் 6.5-க்குக் கீழே போய், பிந்தியவை நின்றுவிடும். வாயு எரியாமல் அணைவது முதல் அறிகுறி. உடனே தண்ணீர் விடுவதை நிறுத்தி, சோடா உப்போ சுண்ணாம்போ கொஞ்சம் கொடுத்து, உள்தண்ணீரையே சுற்றவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மருந்துக்கடை பாட்டிலில் வரும் நுண்ணுயிர்க் கரைசல்களை நம்பிப் பணம் போடத் தேவையில்லை, சாணியில் எல்லாம் இருக்கிறது.

நுண்ணுயிர் செரிக்காததையும் சேர்த்து வேதிமுறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவைதான் சிஓடி, அது பிஓடியைவிட அதிகமாக இருக்கும். சிஓடி ஒரு கிலோ நீங்கினால் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். நம் 20 டன் ஆலையில் நாளுக்கு 35 கிலோ நீங்குகிறது என்றால் 12 கனமீட்டர், ஏறத்தாழ 9 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். பாய்லருக்கு உமி சும்மா கிடைப்பதால் ஆலைக்காரர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. தொழிலாளர் சமையலுக்கு விட்டால்கூட இரண்டு நாளில் ஒரு சிலிண்டர் மிச்சம்.

காற்றில்லாத் தொட்டி 24 கிலோ பிஓடியில் பெரும்பகுதியைத் தீர்த்தபின் மீதியிருக்கும் 7 கிலோவுக்குத்தான் காற்று ஊதும் தொட்டி. ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் மின்சாரம் என்று வைத்தால் நாளுக்குப் பத்து யூனிட்டில் முடியும். காற்றில்லாத் தொட்டியைத் தவிர்த்து முழு 24 கிலோவையும் ஊதியே தீர்க்கப் பார்ப்பவருக்கு முப்பது யூனிட்டுக்கு மேல் போகும், மாதக் கடைசியில் மோட்டாரை அணைத்துவைப்பார். ஊறல் தண்ணீரில் தழைச்சத்து குறைந்தால் இந்தத் தொட்டியில் கசடு பஞ்சுபோல மிதந்து வெளியேறும். 100 பங்கு பிஓடிக்கு 5 பங்கு தழைச்சத்து வேண்டும், 7 கிலோவுக்கு முக்கால் கிலோ யூரியா. ஒரு லிட்டர் அளவுக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து அரை மணி அசையாமல் வையுங்கள். கசடு 200 முதல் 300 மில்லி வரை படிந்து மேலே தெளிந்தால் நன்றாக ஓடுகிறது. 800-லேயே நின்றால் ஏதோ கோளாறு.

ஆற்றிலோ வாய்க்காலிலோ விட பிஓடி 30-க்குள் இருக்க வேண்டும், நிலத்தில் பாசனத்துக்கு 100-க்குள். நிலத்தில் விடுவதே நல்லது, ஆனால் அளவோடு. 20,000 லிட்டர் ஒரு ஏக்கரில் பரவினால் 5 மில்லிமீட்டர் உயரம். கோடையில் ஒரு நாளில் நிலம் ஆவியாக விடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஒரு ஏக்கர் தென்னை அல்லது தீவனப்புல் என்பது மிகக் குறைந்த தேவை. இரண்டு ஏக்கர் வைத்து நாள்விட்டு நாள் மாற்றினால் மண் மூச்சுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நிலம் ஏற்கனவே நிறைந்து நிற்கும், ஆவியும் குறைவு. மழைக் காலத்துக்கு 15 நாள் தண்ணீர் தாங்கும் 3 லட்சம் லிட்டர் குளம் தேவை, அல்லது அந்த நாட்களில் அவியலைக் குறைக்க வேண்டும். ஆலை அமைக்கும் வரைபடத்தில் இந்தக் குளம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

குளத்தில் மீன் மேலே வந்துவிட்டது என்றால் முதலில் வரத்து மடையை அடையுங்கள். தீனியை நிறுத்துங்கள். எஞ்சின் வைத்துக் குளத்துத் தண்ணீரையே மேலே தூக்கித் தெளிப்பாக விழச் செய்யுங்கள். போர் தண்ணீரை விடுவதாக இருந்தாலும் குழாயை உயரத்தில் கட்டி விழவிட வேண்டும், ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. சுண்ணாம்பு தூவும் முன் பிஎச் பாருங்கள். 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு ஹைட்ரஜன் சல்பைடின் விஷத்தைக் குறைக்கும். 8-க்கு மேல் இருந்தால் அதே சுண்ணாம்பு அமோனியாவை விஷமாக்கும், இருக்கும் மீனும் போகும்.

தண்ணீர் மாதிரி எடுப்பதென்றால் விடிகாலை 5 மணிக்கு, குழாய் விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே 100 மீட்டரில் ஒன்று. பிஓடிக்கான பாட்டில் ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வெயிலில் வைத்தால் பாதியைப் பாக்டீரியா வழியிலேயே தின்றுவிடும், அளவு குறைவாக வந்து ஆலை தப்பித்துவிடும். உடனே ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால், சின்னக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மெத்திலீன் நீலம் சில சொட்டு விட்டு மூடி இருட்டில் வையுங்கள். மேல்பக்கத் தண்ணீரில் நீலம் நாள்கணக்கில் நிற்க, கீழ்ப்பக்கத்தில் சில மணி நேரத்திலேயே வெளுத்தால் ஆக்சிஜன் எங்கே தீர்கிறது என்பது கண்முன் தெரியும்.

சேற்றை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தும் பயனில்லை. சித்திரை, வைகாசியில் வடிகால் வறண்டு கிடக்கும்போதே ஆலைக்குக் கீழ்ப்பக்கம் படிந்த கருப்புச் சேற்றைத் தூர் வாரிவிட வேண்டும். வாரியதை வாய்க்கால் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கும். மேட்டில் அரை அடிக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு தடவை கிளறிக் காயவிட்டு, நாற்றம் போனபின் கோடை உழவில் கலக்கலாம். இதெல்லாம் ஜூன் முதல் வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.